துரைக்குப் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

இன்று காலை நம் முயல் டத்தினுக்கு முடி வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது அவள் மூக்கில் ஜிகினா ஒட்டிக்கொண்டது.

வருடத்தில் சில முறை அவள் இப்படி முடி உதிர்ப்பாள். சோபா, கூரைக் காத்தாடி, நான் வேலைக்குப் போட்டுப் போகும் சட்டை, எல்லாவற்றிலும் சாம்பல் நிறப் பஞ்சு. வழக்கமான சீப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. உன் அலங்காரப் பெட்டியைத் திறந்து, மணப்பெண்களின் கன்னத்தில் பவுடர் பூச நீ வைத்திருந்த பெரிய பிரஷை எடுத்தேன். எத்தனை தடவை கழுவியிருக்கிறேன் அதை! இருந்தும் முதல் வீச்சிலேயே அந்தக் கல்யாண வாசனை வந்துவிட்டது. டத்தின் ஒரு தும்மல் போட்டாள். மூக்கு நுனியில் தங்கப் பொடி மின்ன, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்பதுபோல என்னை முறைத்தாள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்தபடியே திரும்பினேன், உன்னிடம் காட்ட.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. கழுத்து மட்டும் இன்னும் உன் நாற்காலிப் பக்கம்தான் திரும்புகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் அறிமுகமே முகத்தில் பவுடர் பூசி ஆரம்பித்ததுதான். என்னைப் பெண் பார்க்க யாராவது வரும்போதெல்லாம் அம்மா பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த உன் அழகு நிலையத்துக்கு என்னை இழுத்து வருவார். நீ புருவம் திருத்திப் பூ வைத்து அனுப்புவாய். நான் வீட்டுக்குப் போய்க் கேசரித் தட்டையும் மைலோ கோப்பைகளையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருவேன். வந்தவர்கள் என் சம்பளத்தை அப்பாவிடம் கேட்பார்கள், சமையலை அம்மாவிடம் கேட்பார்கள். பிறகு தகவல் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு குடும்பம் வேண்டாமென்று சொல்லியனுப்பிய மறுநாள், நான் தனியாக உன் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். நூலைப் பல்லில் கடித்தபடி நீ கேட்டாய்: "சரி, அவங்களுக்கு உன்ன பிடிக்கல. உனக்கு அவன பிடிச்சிருந்துச்சா?"

அவன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

நீ நூலைக் கீழே வைத்தாய். "என் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. ஆனா ரெண்டு முயல் இருக்கு. பரவால்லன்னா வாடி" என்றாய்.

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் பெண் தனியாக வீடு மாறுவதா என்று என் வீட்டில் பெரிய கலவரம். அது அடங்குவதற்குள் நான் உன் நாலாவது மாடிக்கு வந்துவிட்டேன். துரையும் ராணியும் எனக்கு முந்தைய குடித்தனக்காரர்கள். துரை பழுப்பு நிறம். கையை முன்னால் நீட்டி, எஸ்டேட் பங்களா வாசலில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார மேனேஜரைப்போல உட்கார்ந்திருப்பான், அதனால்தான் அந்தப் பெயர். காலையில் நீ எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "துரை பசியாறிட்டாரா?" என்னைக் கூட அதற்குப் பிறகுதான் கேட்பாய்.

ராணி வயதாகித்தான் செத்தாள். ஆனால் துரைக்கு அது புரியவில்லை. அவள் படுக்கும் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கங்கோங் கீரை வைத்தோம், கொத்தமல்லி வைத்தோம், அவன் உயிரையே விடும் வாழைப்பழத்தை மூக்கருகே காட்டினோம். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றே அவனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினோம். முயல் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுவிடும், அதுவே உயிரைக் கொண்டுபோய்விடும் என்றார் டாக்டர். ஊசி போட்டார். பசை மாதிரி ஒரு உணவைக் கொடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டச் சொன்னார். நீ பிடித்துக்கொள்ள நான் ஊட்டினேன். பாதி உள்ளே போகும், பாதி உன் நைட்டியில் போகும்.

அடுத்த முறை போனபோது டாக்டர் சொன்னார்: "வயித்துல இப்ப பிரச்சனை இல்லக்கா. இவனுக்குத் துணை வேணும். கிள்ளான் பக்கம் மேருல ஒரு ஆன்டி, கைவிட்ட முயலை எல்லாம் எடுத்து வளர்க்குறாங்க. இவனையும் கூட்டிக்கிட்டுப் போங்க."

"இவன் எதுக்கு? நாங்களே நல்லதா பார்த்து எடுத்துட்டு வரோம்" என்றாய் நீ.

"நீங்க எடுத்தா நடக்காது. இவனுக்குப் பிடிக்கணும்" என்றார் டாக்டர்.

காரில் ஏறியதிலிருந்து உனக்குச் சிரிப்பு. "பொண்ணு பார்க்கப் போறோம்டி!"

அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னை நான் மறக்கவே மாட்டேன். பட்டுப் புடவை கட்டாத குறைதான். துரையைத் துணிக் கூடையில் வைத்து, மேலே வலை போட்டு, என் மடியில் ஏற்றிவிட்டாய். தட்டில் வாழைப்பழமும் கொத்தமல்லியும். வெற்றிலைதான் இல்லை. கிள்ளான் போகும் சாலையில் லோரிகளுக்கு நடுவே உன் குட்டிக் கார் ஊர்ந்தது. நீ பேசிக்கொண்டே வந்தாய். சிக்னலில் நிற்கும்போது மட்டும் கையை வலைக்குள் விட்டு அவன் காதைத் தொட்டுப் பார்ப்பாய். காது குளிர்ந்திருந்தால் முயலுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொட்ட பிறகு பேச்சை முன்பைவிடச் சத்தமாக ஆரம்பிப்பாய்.

தொழிற்சாலைக் கொட்டகைகளைத் தாண்டி, ரம்புத்தான் மரம் நின்ற ஒரு பழைய வீடு. அந்த ஆன்டி சீனர். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் நம்மைப்போலவே தமிழ் பேசினார்.

"மாப்பிள்ளையைக் கொண்டாந்திருக்கோம் ஆன்டி" என்றாய்.

அவர் சிரிக்கவில்லை. "ஆபரேஷன் பண்ணியாச்சா?"

"யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு லா. குட்டி போட்டுப் போட்டுத்தானே இங்க இவ்வளவு கூட்டம்."

ஆகியிருந்தது. அதோடு விடவில்லை. வீட்டில் வயரெல்லாம் மூடி வைத்திருக்கிறோமா, மத்தியான வெயிலில் காத்தாடி ஓடுமா, கூண்டிலேயே அடைத்து வைப்போமா, இருவரும் வேலைக்குப் போனால் யார் பார்ப்பது? ஒவ்வொன்றுக்கும் நீ கைகட்டிக்கொண்டு பதில் சொன்னாய். என் காதில் கிசுகிசுத்தாய்: "என்னடி இது, பொண்ணு வீட்டுக்காரங்க நம்மள இந்தக் கேள்வி கேக்குறாங்க!"

பின்கட்டில் சிமெண்டுத் தரையில் கம்பி வேலி வட்டமாக வைத்திருந்தார். யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்றால்தான் சண்டை குறையுமாம். துரையை உள்ளே விட்டார். அவன் நடுவில் ஒரு தலையணைபோல உட்கார்ந்தான்.

முதலில் நீ கை காட்டிய வெள்ளைக்காரி. பஞ்சு மாதிரி முடி, ரோஜா நிறக் காது. அவள் உள்ளே வந்தாள், துரையை ஒரு சுற்றுச் சுற்றினாள், முன்னங்காலால் அவன் முகத்தில் படபடவென்று அறைந்தாள். ஆன்டி துடைப்பத்தை நடுவில் விட்டுப் பிரித்தார். வேலிக்குள் பழுப்பு முடி பறந்தது. "அழகு இருக்குற இடத்துல குணம் இல்லடி" என்று நீ முணுமுணுத்தாய். அழகு நிலையக்காரி சொல்கிற பேச்சா அது!

அடுத்தது ஒரு சின்னப் பெண். துரையைக் கண்டதும் வேலியோரம் பதுங்கினாள். அவனும் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். எவ்வளவு நேரமானாலும் இதுதான் என்று ஆன்டி தூக்கிவிட்டார். அதற்கும் அடுத்தவள் அவனை முகர்ந்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

துரையின் கண் பாதி மூடிக்கொண்டது. உன் முகத்தில் கேலி போய்விட்டது. வேலியைப் பிடித்துக் குந்தி உட்கார்ந்து, "யாரையாவது பாருடா என் ராசா" என்றாய். அப்போது உன் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் உள்ளறையிலிருந்து டொம்மென்று ஒரு சத்தம், யாரோ உலக்கையைக் கீழே போட்டதுபோல. துரையின் காது நிமிர்ந்தது. மறுபடியும் டொம். அவன் தலையைத் திருப்பினான்.

"யார் ஆன்டி அது?"

"அவ வேண்டாம்மா. பின்னங்காலைத் தரையில தட்டுவா. ரெண்டு வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டா. நீங்க ஃபிளாட்டுன்னு சொன்னீங்களே. கீழ் வீட்ல சண்டைக்கு வருவாங்க."

நீ துரையின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "கீழ் வீட்டுக்காரரை நான் பார்த்துக்குறேன். கூட்டிட்டு வாங்க."

ஆன்டி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். முயலா அது! சின்ன மூட்டை அளவுக்குச் சாம்பல் நிறத்தில், கழுத்தின் கீழ் மடிப்பு மடிப்பாகத் தோல். உள்ளே இறங்கியதும் ஒருமுறை காலைத் தட்டிவிட்டு, நகைக்கடை திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்தாள். துரை எழுந்தான். சாப்பிடாமல் கிடந்ததில் நடை தள்ளாடியது. நேராக அவளிடம் போனான். தலையைத் தரையோடு தாழ்த்தி, அவள் தாடைக்குக் கீழே நுழைத்துக்கொண்டு, அப்படியே இருந்தான்.

"நக்கிவிடச் சொல்லிக் கேக்குறான்" என்றார் ஆன்டி மெதுவாக. "இப்ப அவ என்ன சொல்றான்னு பார்க்கணும்."

அவள் மூக்கு மட்டும் துடித்தது. நீ என் கையைப் பிடித்திருந்தாய். உன் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, எங்கோ பார்த்தபடி, போனால் போகிறது என்பதுபோல, அவன் நெற்றியில் ஒருமுறை நாக்கை இழுத்தாள். பிறகு இன்னொரு முறை. பிறகு காது, கண்ணோரம் என்று குளிப்பாட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தோம். ஆன்டி தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தார். சாம்பல்காரி காய்ந்த புல்லை மென்றாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த துரை, அவள் வாயிலிருந்து தொங்கிய ஒரு புல்லின் மறுமுனையைப் பிடித்து இழுத்து, கடித்தான்.

"சாப்பிடுறான்டி! சாப்பிடுறான்!"

உன் கண் மையெல்லாம் கன்னத்தில் வழிந்தது. மணப்பெண்களை அழாதே, மை கரையும் என்று மிரட்டுகிறவள் நீ.

ஒரே கூடையில் இருவரையும் வைத்துத் திரும்பினோம். பட்டம் வாங்கியவர் மனைவியைப்போல உட்கார்ந்த தோரணைக்காக டத்தின் என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் வழியில்தான். கிள்ளானைத் தாண்டியபோது நீ சொன்னாய்: "இன்னிக்குத்தான்டி நான் ஒழுங்கா ஒரு பொண்ணு பார்க்குறத பார்த்தேன். ரெண்டு பேரையும் கேட்டாங்க."

கீழ் வீட்டு அங்கிள் மறுநாளே மேலே வந்தார். மகள் கல்யாணத்துக்கு நீயே வந்து அலங்காரம் செய்வதாகச் சொல்லி அனுப்பினாய். செய்தும் கொடுத்தாய். அதற்குப் பிறகு டத்தின் குக்கர் விசிலுக்கெல்லாம் காலைத் தட்டினாலும் அவர் வாயைத் திறந்ததில்லை.

பிறகு உன் நோய். அதைப் பற்றி அதிகம் எழுதினால் நீ கோபித்துக்கொள்வாய். ஒன்றை மட்டும் எழுதுகிறேன். மருந்தில் உன் தலைமுடி கொட்டியபோது நான் பாத்ரூமில் நின்று அழுதேன். நீ வெளியிலிருந்து கத்தினாய்: "வாடி இங்க, டத்தினுக்கும் எனக்கும் ஒரே சீசன்!" கூடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தாய். துரை வந்து உன் தலைமாட்டில் நின்றான். மொட்டைத் தலையை முகர்ந்தான். பிறகு சின்ன நாக்கால், பொறுமையாக, நக்க ஆரம்பித்தான். கூசுகிறது என்று நீ சிரித்தாய், ஆனால் நகரவில்லை. அவன் முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாய். அவ்வளவு அமைதியாக உன்னை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகு தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து உன் தம்பி தன் மகளோடு வந்தார். நல்ல மனிதர். "அக்கா ஞாபகமா துரையைக் கொண்டுபோறேன்க்கா. பிள்ளை ஆசைப்படுது. பெருச நீங்களே வச்சுக்குங்க" என்றார். அவருக்குத்தானே உரிமை? சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"முடியாது தம்பி. பிரிச்சா சாப்பிடாது. கொண்டுபோனா ரெண்டையும் கொண்டுபோங்க. இல்லன்னா ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, ரெண்டையும் தூக்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று துரையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் டத்தினைப் பார்த்தார். டத்தின் அவரைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினாள். பிள்ளை அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. "இங்கயே இருக்கட்டும்க்கா" என்றார் அவசரமாக. இப்போது மாதம் ஒருமுறை கங்கோங் கட்டோடு வந்துபோகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மேருவுக்குப் போய் ஆன்டிக்கு உதவி செய்கிறேன். முயல் எடுக்க வருகிறவர்களிடம் கேள்வி கேட்பது என் வேலை. போன வாரம் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். எந்த நிறம், எவ்வளவு பெரிது, கூண்டு எங்கே, எல்லாவற்றுக்கும் கணவனே பதில் சொன்னார். மனைவி கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு புன்னகையோடு நின்றாள். அந்தப் புன்னகை எனக்குப் பழக்கமானது. நான் அவள் பக்கம் திரும்பி, "நீ என்னம்மா சொல்ற?" என்றேன்.

அவள் திடுக்கிட்டாள். கணவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே? எனக்கு முயல்னாலே பயம்க்கா."

"இத்தன நாள்ல சொல்லவே இல்லையே நீ?" என்றார் அவர், வாயைப் பிளந்து.

"நீங்க கேக்கவே இல்லையே!"

ஆன்டி புல் மூட்டைமேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தக் கணவனும் சிரித்துவிட்டார், பாவம். அன்று ஒரு முயலும் போகவில்லை. அவர்கள் ரம்புத்தான் மரத்தடிக்கு நடந்து போனார்கள். அந்தப் பெண் கையை ஆட்டி ஆட்டி தனக்குப் பிடிக்காததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். கரப்பான், அவர் அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பு, கூடத்துத் திரைச்சீலையின் நிறம் என்று என்னென்னவோ காதில் விழுந்தது. கார்க் கதவைச் சாத்திய பிறகும் அவள் குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.