வாலில் ஒரு கிராம் பொட்டு

நான் திட்டத் திட்டச் சிரிக்கும் என் தயாவுக்கு,

இதை நின்றுகொண்டுதான் எழுதுகிறேன். உட்கார்ந்தால் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் நடக்கச் சொல்கிறது இந்த மனம். பார்மசியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதுகிறேன். மருந்துச் சீட்டோடு யாராவது வந்தால் நிறுத்திவிடுகிறேன். என் கையெழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்பாயே, இன்று அது அந்தக் கோழிக்கே விளங்காது.

இன்று வியாழன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, பத்து மாதத்துக்கு முன் நீ நடத்தியிருக்க வேண்டிய வகுப்பை நான் நடத்தப் போகிறேன். ஒரு பட்டம்கூட ஒழுங்காக விடத் தெரியாத நான், எட்டுப் பேருக்கு விமானம் செய்யவும் பறக்கவிடவும் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். சிரிக்காதே.

பாதர் தேவாலய மண்டபத்தில் உன் வகுப்புக்குத் தந்த நாளை நமக்காக மூன்று தடவை தள்ளிவைத்தார். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, பூப்பந்து விளையாடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்கிறார்கள், இனியும் வெறுமனே பூட்டி வைக்க முடியாது என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு வாய் முந்திவிட்டது. நடத்துகிறோம் பாதர், நாலு வாரத்தில் நடத்துகிறோம் என்றேன்.

வேறு என்ன சொல்ல? ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆறாம் நாள், டெங்கு உன் குரலைப் பாதியாக்கியிருந்தபோது, நீ தெளிவாகச் சொன்னது அந்த ஒன்றைத்தானே.

"அக்கா, ஹால மட்டும் விட்டுறாத."

சரிடா, முதலில் கஞ்சியைக் குடி என்றேன். எங்களை விட்டுவிடாதே என்று நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. காய்ச்சல்தானே, இறங்கிவிடும் என்று நினைத்தேன். அதை நினைக்கும்போதுதான் எனக்கு ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை.

கண்டியில் விமானம் விட மைதானமா இல்லை, ஏன் மண்டபம் என்று இப்போது என்னையும் கேட்கிறார்கள். நான் உன் பதிலையே சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கும் காற்று எந்த நிமிடம் எந்தப் பக்கம் தள்ளும் என்று தெரியாது, மத்தியானம் திரும்பினால் மழை, மரத்தில் சிக்கினால் குரங்கு கொண்டுபோய்விடும். பழகுகிறவனுக்குக் காற்றில்லாத ஒரு பெரிய கூரை வேண்டும். கடையில் வாங்கிய விமானத்தை முதல் நாளே மோதி உடைப்பவன் அதோடு விட்டுவிடுவான், கையால் செய்ததை உடைப்பவன் திரும்ப ஒட்டுவான் என்பாய். அதற்காகத்தானே யாராலும் செய்யக்கூடிய ஒன்றை நீ தேடினாய்? டிவி பெட்டிக்குள் வரும் மெல்லிய ரெஜிபோம் நுரைத் தகடு, விளக்குமாற்று ஈர்க்கு, முறிந்த பொம்மை ட்ரோனிலிருந்து கழற்றிய மோட்டார். எல்லாம் சேர்ந்து ஒரு தேசிக்காயின் பாரம். உன் கூட்டாளி பாரூக்கின் பிலிமத்தலாவைக் கடையில், போன் திருத்தும் மேசையிலேயே நீ அதைச் செய்து முடித்தாய்.

அந்த விமானம் பத்து மாதமாக அலுமாரிக்கு மேலே, உன் பழைய சாரத்தில் சுற்றியபடி கிடந்தது. மூன்று வாரத்துக்கு முன் கதிரை போட்டு ஏறி எடுத்தேன். தூசி இல்லை. வால் துடுப்பில் மட்டும் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். வெள்ளிக்கு வெள்ளி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒரு பட்டன் அளவுக்குத் திரண்டிருந்தது.

யார் வேலை என்று கேட்கவா வேண்டும்? அப்பா போனபிறகு தன் நெற்றியில் வைக்க முடியாத பொட்டையெல்லாம் அம்மா வீட்டிலுள்ள மிசின்களுக்குத்தானே வைத்தார். குளிர்சாதனப் பெட்டி, தையல் மிசின், உன் ஸ்கூட்டர், நீ ஈயம் பற்றவைக்கும் கம்பிகூடத் தப்பவில்லை. கம்பி சுட்டு விரல் கொப்பளித்த அன்றும் மறு விரலால் வைத்தார்.

அந்தப் பொட்டை நான் துடைத்துவிட்டேன், தயா. பார்மசிப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, நகத்தால் சுரண்டி, வெள்ளை வெளேரென்று ஆக்கினேன். பாதருடைய மண்டபம், வருகிறவர்களில் மூன்று பேர் சிங்களவர், இரண்டு பேர் முஸ்லிம்கள், பொட்டு எதற்கு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணம் அதுவல்ல. கோபம். இத்தனை பொட்டு வைத்து என்ன நடந்தது என்ற கோபம். அம்மா குசினி வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு விமானம் பறக்கவில்லை.

இரண்டு ஞாயிறு பாரூக்கும் நானும் மண்டபத்தில் கிடந்தோம். நீ சொன்னபடி மின்விசிறிகளை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தி, வியர்த்து வடிந்தோம். கையிலிருந்து விட்டதும் இரண்டு ஆள் நீளம் போகும், பிறகு கோழி இரை பொறுக்குகிற மாதிரி மூக்கால் தரையைக் கொத்தும். மோட்டாரில் மாட்டும் குட்டி விசிறி மூன்று முறிந்தது. நான் ரிமோட்டை நசுக்கியே விட்டேன். மெதுவாக அக்கா, மெதுவாக அக்கா என்று பாரூக் சொல்லச் சொல்ல, எனக்கு மெதுவாக என்ற சொல்லே பிடிக்காமல் போனது. உனக்குத் தெரியுமே, நான் சோறு வடிப்பதே ஓட்டத்தில்தான். பிழை என் விரலில் என்றே நினைத்தேன். எட்டுப் பேர் முன்னால் இது இப்படி விழுந்தால் அவர்கள் திரும்ப வரமாட்டார்கள். உன் வகுப்பு தொடங்கிய அன்றே முடிந்துவிடும். அதற்கு நானே காரணம் என்றாகும்.

நேற்றுத்தான் பாரூக் வீட்டுக்கு வந்தான். இறக்கைக்கு அடியில் நீ பென்சிலால் போட்ட இரண்டு புள்ளிகளில் விரல் நுனிகளை வைத்துத் தூக்கினான். சமனாக நிற்க வேண்டியது மூக்குப் பக்கம் சாய்ந்தது. மறுபடி தூக்கினான். மறுபடியும் சாய்ந்தது.

"அக்கா, ஒங்கட கையில பிழ இல்ல. வால்ல ஈந்த ஏதோ ஒண்டு கழண்டு பெய்த்து" என்றான். தயா எல்லாவற்றையும் நிறுத்து எழுதியிருப்பானே, அந்தப் பட்டியல் எங்கே என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. உன் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கொட்டினோம். திருகாணி, வயர்த் துண்டு, நீ நிறுக்கும் அந்தச் சின்ன டிஜிட்டல் தராசு, எல்லாம் இருந்தது. பட்டியல் இல்லை. மூடியை மூட எடுத்தபோதுதான் அதன் உட்பக்கத்தில் கலண்டர்த் தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். உன் குண்டு எழுத்து. இறக்கை, உடல், மோட்டார், பேட்டரி, ஒட்டுப்பசைகூட எத்தனை கிராம் என்று. கடைசி வரி இது:

"அம்மா பொட்டு 1.2. இனி வைக்க வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. இருப்பதை எடுக்கக் கூடாது. அதற்குத் தக்கபடிதான் பேட்டரி ஒட்டியிருக்கிறது."

பாரூக் வாசித்துவிட்டு வெளியே போய் நின்றான். நான் மூடியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். நீ போன அன்றுகூட அப்படி அழவில்லை. அன்று வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவே நேரம் சரியாக இருந்தது.

ஏன்டா? அரைக் கிராம் குறைய வேண்டுமென்று தகட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கியவன் நீ. பசை ஒரு சொட்டுக் கூடியதற்கு என்னை ஒரு நாள் முழுக்க ஏசியவன் நீ. ஒரு கிராம் பொட்டைச் சுரண்டிப்போட உனக்கு எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்? அதைச் சுரண்டாமல் விமானத்தையே அதற்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

வழி சுலபம் என்றான் பாரூக். வாலில் ஒரு உருண்டை களிமண், இரண்டு நிமிட வேலை. கடையிலிருந்து கொண்டுவந்தும் கொடுத்தான். உருட்டினேன், நிறுத்தேன், சரியாக ஒன்று தசம் இரண்டு. ஒட்டப் போன கை நின்றுவிட்டது. அந்த உருண்டை இப்போது என் கைப்பைக்குள் இருக்கிறது. அம்மாவிடம் கேட்க வேண்டும். அதுதான் பயம். நீ போனதிலிருந்து அம்மா விளக்கேற்றவில்லை, எதற்கும் பொட்டு வைக்கவில்லை. குங்குமச் சிமிழ் எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. வைத்ததையும் நான் அவர் கண் முன்னாலேயே சுரண்டினேன். எந்த முகத்தோடு கேட்பது?

வெள்ளி.

கேட்டுவிட்டேன். வேலையால் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், டின் மூடியோடு குசினிக்குள் போய் உன் வரியை வாசித்துக் காட்டினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் துடைத்தது பிழை, திரும்ப வைத்துத் தரவேண்டும், வைக்காவிட்டால் இது பறக்காது என்றேன். கையிலிருந்த வெங்காயத்தை உரித்து முடித்தார்.

"எல்லா மிசினுக்கும் வச்சேன் புள்ள. அவன் நெத்தியில வைக்க வந்தா மட்டும், நேரமாச்சும்மான்னு ஓடிருவான். ஓடுறவன புடிச்சு வச்சிருக்கணும். வைக்காம விட்டுட்டேன்."

பத்து மாதமாக அம்மா விளக்கேற்றாமல் இருந்ததற்குக் காரணம் சாமி மேல் கோபம் என்று நினைத்திருந்தேன். தன் மேல்தான் கோபம். நானும் உனக்குச் சொல்லாமல் விட்டவள்தானே? அதையும் அம்மாவிடம் சொன்னேன். கஞ்சி குடிக்கச் சொன்ன கதையை முதல் தடவையாகச் சொன்னேன்.

அம்மா கையைக் கழுவினார். சிமிழ் அரிசி வாளிக்குள் இருந்தது. சந்தனக் கட்டையைக் கல்லில் தேய்த்துக் குழைத்தார்; நான் விமானத்தைத் தராசில் வைத்து இலக்கத்தைப் பூச்சியமாக்கியதும், கண் மூடித் திறப்பதற்குள் துடுப்பில் வைத்துவிட்டார். தராசில் பார்த்தால் ஈரத்தோடு பாரம் கூடுதல். காயட்டும் என்று காத்திருந்தோம். காய்ந்தால் குறைவு. இன்னொரு தரம் வைத்தார். மறுபடி காயவேண்டும். நான் பொறுமை இல்லாமல் நடந்துகொண்டிருக்க, அம்மா தராசுக்கு முன்னால் குந்தி, இலக்கத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஒன்னு. இன்னும் பத்தாதே. கொஞ்சூண்டு குங்குமம் வைக்கவா?" என்று என்னைக் கேட்டார். என்னமோ விமானத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவர் மாதிரி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போனபிறகு அந்தக் குசினியில் வந்த முதல் சிரிப்பு. இலக்கம் ஒன்று தசம் இரண்டில் நின்றதும், அம்மா விரலில் மிஞ்சியதைத் துடைக்க இடம் தேடினார். பிறகு என் நெற்றியில் வைத்தார். நான் ஓடவில்லை.

சனி.

இன்று காலை மண்டபத்துக்கு அம்மாவும் வந்தார். விசிறிகளை நிறுத்தியதும் வியர்க்கிறது என்று முணுமுணுத்து, சேலைத் தலைப்பால் விசிறினார். அந்தக் காற்றும் ஆகாது அம்மா, அது விமானத்தை ஆட்டும் என்று பாரூக் சொன்னான். உடனே தலைப்பை மடியில் வைத்துக் கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். நான் கையிலிருந்து விட்டேன். தரையைக் கொத்தவில்லை. நாம் கடைக்கு நடக்கிற வேகத்தில் மண்டபத்தின் கடைசிவரை போய், நான் பயந்து விரலை எடுத்தும் விழாமல், சாவகாசமாகத் திரும்பி வந்தது. இரண்டரைச் சுற்று. கடைசியில் மேடைத் திரையில் முட்டித் தொங்கியது. ஒன்றும் உடையவில்லை. பொட்டும் அப்படியே இருக்கிறது.

அம்மா கை தட்டவில்லை. நாளைக்கு எத்தனை பேர் என்று கேட்டார். எட்டு என்றேன். வரும் வழியில் கண்டி டவுனில் இறங்கி, ஒரு சந்தனக் கட்டை வாங்கினார். எல்லாரும் பொட்டு வைக்க மாட்டார்கள் அம்மா என்றதற்கு, அவங்க அவங்க வீட்டு ஆளுங்க எதையாவது வைக்கட்டுமே என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது. வருகிற எட்டுப் பேரில் தபால் அதிபருக்கு மனைவி இருக்கிறார், ஆட்டோக்காரருக்கு இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். ஒரு கிராம் யாருக்கும் பாரமில்லையே?

நாளைக்குக் கொடுக்கும் பட்டியலை இன்று கையால் எட்டுப் பிரதி எழுதினேன், கோழிக் கிறுக்கலில். சத்தியமாகச் சொல்கிறேன் தயா, ஒவ்வொன்றிலும் உன் கடைசி வரி இருக்கும். அது என்ன என்று கேட்பார்கள். என் தம்பியின் விமானம் அது இல்லாமல் பறக்காது என்று சொல்வேன். மெதுவாகச் சொல்வேன்.

ஹாலை விடவில்லைடா. விடவும் மாட்டேன்.

நெற்றியில் உன் பங்குப் பொட்டையும் வாங்கிக்கொண்ட
உன் அக்கா,
புஷ்பா