கைக்கு எட்டாத கயிறு

அக்கா,

நேற்று பதுளை பஸ் நிலையத்தில் என் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். பக்கத்தில் யாரோ பிபிலைத் தோடம்பழம் உரித்தார்கள். அந்தத் தோலின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்களைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். கூப்பிட்டால் திரும்ப நீங்கள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

பார்வை போனவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும் அந்த மண்டபத்துக்கு நான் முதல்தடவை வந்த அன்றும் இதே வாசனைதான். அப்புத்தளையில் ஒரு லயத்தில் இருந்துகொண்டு, கடைத்தெருவில் தைத்துப் பிழைத்தவள் நான். கண்ணில் அழுத்தம் ஏறி, முதலில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. பிறகு ஊசியே தெரியாமல் போனது. அன்று என் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். சொல்லத் தொடங்கி அழுதுவிட்டேன். யாரும் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்து நாற்காலியிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"அழுது முடிச்சிட்டியா புள்ள? அப்ப கைய நீட்டு."

என் உள்ளங்கையில் ஒரு சுளையை வைத்தீர்கள். புளிப்பு. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன உங்கள் விரல்களை அன்றுதான் முதலில் தொட்டேன்.

நீங்கள் மடுல்சீமைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வருவீர்கள். பஸ் ஏறாத நாளில் கொழுந்து லொறியில் பாதி வழி வந்து, மீதியை யார் கையையாவது பிடித்துக்கொண்டு நடப்பீர்கள். அத்தனை பாடுபட்டு வருவதற்கு அங்கே பெரிதாக எதுவும் நடக்காது. பிரஷர் மாத்திரை அட்டையில் ரப்பர் வளையம் போட்டு வைத்தால் மாறிப்போகாது என்று ஒருவர் சொல்வார். கைபேசியிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று நான் கற்றதும் அங்கேதான். இந்த மடலும் அப்படித்தான் எழுதப்படுகிறது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்து, சீனி வியாதியில் கண் போன சுனில் அண்ணன், தெரிந்த தமிழை வைத்து எல்லோரையும் சிரிக்க வைப்பார்.

அவர்தான் ஒரு மாதம் நைலோன் கயிற்றுச் சுருள்களோடு வந்தார். "வாசல்ல இருந்து கக்கூஸ் வரைக்கும் கட்டுங்க. புடிச்சிக்கிட்டுப் போங்க. யாரையும் கூப்பிட வேணாம்" என்று ஆளுக்கொன்று கொடுத்தார். அடுத்த மாதம் நீங்கள் வந்து சொன்னீர்கள்: "கல்யாணம் கட்டுனதுல இருந்து இப்பத்தான், யாரையும் கேக்காம ஒரு எடத்துக்குப் போறேன்." மண்டபமே சிரித்தது. உங்கள் சிரிப்புதான் கடைசியாக ஓய்ந்தது.

பிறகு அந்த மழை வந்தது. உங்கள் லயத்துக்கு மேலே மண் வெடித்திருக்கிறது, மலை சரியலாம் என்று எல்லோரையும் பாடசாலைக்கு மாற்றினார்கள். உங்கள் மகன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். வழி அடைபட்டு அவரால் வர முடியவில்லை. மருமகள் கைக்குழந்தையோடு உங்கள் பக்கத்தில் இருந்தாள். ஒரு வகுப்பறைக்குள் பல குடும்பங்கள். கழிப்பறையோ மைதானத்துக்கு அப்பால். நீங்கள் போனில் விஷயத்தைச் சொன்னதும், சுனில் அண்ணன் தனக்குத் தெரிந்த ஓர் அலுவலரிடம் சிங்களத்தில் மன்றாடினார். மறுநாளே கயிறு கட்டிவிட்டார்கள். எனக்கு அவ்வளவு நிம்மதி.

அடுத்து நீங்கள் பேசியபோது குரல் வறண்டிருந்தது.

"கயித்துல துணி காயப்போட்டுட்டாங்க புள்ள. புடிச்சிக்கிட்டுப் போனா ஈரச்சேலை மூஞ்சியில அடிக்குது. துணி தரையில படுதுன்னு இப்ப ஒசத்திக் கட்டிட்டாங்க. எனக்கு எட்டல."

"சொல்லுங்கக்கா. எறக்கிக் கட்டச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? பச்சப்புள்ளத் துணியெல்லாம் காய வேணாமா?"

யாரைத்தான் நொந்துகொள்வது. எல்லோரும் நனைந்திருந்தார்கள்.

"அப்ப எப்படிப் போறீங்க?" என்றேன்.

"தண்ணி குடிக்கிறதக் கொறச்சிட்டேன். காலையில ஒரு தடவ மருமக கூட்டிட்டுப் போகுது. அதோட சரி. அந்தப் புள்ளைய எத்தன தடவ எழுப்புறது?"

குடியுங்கள் என்று கெஞ்சினேன். "சரி சரி" என்றீர்கள். நாங்கள் வந்து பார்க்கலாம் என்றால் உங்கள் பக்கம் வரும் பசறை வீதி மண்சரிவில் மூடிக் கிடந்தது. வீதி திறந்த செய்தியும், உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தியும் ஒரே நாளில் வந்தன. சிறுநீரில் கிருமி ஏறி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். நாங்கள் வார்டுக்குப் போனபோது உங்கள் கை சுட்டது. பெயரைச் சொன்னேன், விரல் அசையவில்லை. அன்று மாலையே போய்விட்டீர்கள். வெளியே உங்கள் மருமகள், "என்னைக் கூப்பிடவே இல்லையே, கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது உண்மைதான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்தோம். நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவரவர் வாசல்வரைக்கும்தான் உதவும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிருந்தது. சுனில் அண்ணன், "நான் கயிறு குடுத்தது" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு அவர் வரவில்லை. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். நேற்று நான் போனபோது மண்டபம் பூட்டியிருந்தது. யார் வருவார்கள் என்று நினைத்துப் போனேனோ தெரியவில்லை.

எங்கள் லயத்துக்கு மேலேயும் வெடிப்பு இருப்பதாகப் போன மாதம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மழை பலத்தால் கிளம்பத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பாடசாலை, எந்த மைதானம், எவ்வளவு தூரம் என்று எதுவும் தெரியாது.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான் அக்கா. தகரத்தில் மழைச் சத்தம் விழுந்தால் எனக்கு எதையும் குடிக்கக் கை போவதில்லை. இன்று மத்தியானத்திலிருந்து தூறல். என் மருமகள் உள்ளே வந்தாள்.

"என்னங்க அத்தை, தேத்தண்ணிய அப்படியே வச்சிட்டீங்க?"

"சூடா இருக்கு. ஆறட்டும்" என்றேன்.

அது ஆறி வெகுநேரமாகிவிட்டது.