இருமல் டானிக் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது

போடி
18.2.2007

அன்பு மகள் ஜெபஷீலாவுக்கு, அப்பா ஜெபமணி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் காலை ஜெபத்தில் உங்கள் மூன்று பேர் பெயரையும் சொல்லாமல் நாங்கள் எழுந்திருப்பதில்லை. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டது என்று போனில் சொன்னாயாம், அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். இங்கே இந்த வருடம் பனி அதிகம், மாம்பூ கொட்டிவிட்டது என்று எல்லாரும் புலம்புகிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு நீ பேசினபோது கடையை ஏன் மூடிவிட்டீர்கள் என்று கேட்டாய். முழங்கால் வலி, நிற்க முடியவில்லை என்று சொன்னேன். அது பொய் ஷீலா. முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் அதற்காகக் கடையை மூடவில்லை. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்து, உன் குரலைக் கேட்டதும் வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அதற்குப் பிறகு என்னைத் திட்டு.

நம் பூச்சிமருந்துக் கடையில் சில்லறையாக ஊற்றிக் கொடுப்பது உனக்குத் தெரியும். ஒரு லிட்டர் டப்பா வாங்க முடியாத சம்சாரி காலி பாட்டிலைக் கொண்டுவருவான், அவனுக்கு வேண்டியதை அளந்து ஊற்றுவேன். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். நீ பள்ளிக்கூடத்து லீவில் கடைக்கு வந்து உட்கார்ந்து மருந்தின் பெயரைத் துண்டுத் தாளில் எழுதிச் சோற்றுப் பசையால் ஒட்டுவாய். நீ மதுரைக்கு நர்சிங் படிக்கப் போன பிறகு கொஞ்ச நாள் நானே எழுதினேன், அப்புறம் விட்டுவிட்டேன். கூட்ட நேரத்தில் பேனாவைத் தேடச் சோம்பல், வேறு காரணம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் எழுதி ஒட்டுங்கள் அப்பா என்று சொல்லிவிட்டுத்தான் போவாய், நானும் தலையை ஆட்டுவேன்.

போன வருடம் வேளாண்மை ஆபீசிலிருந்து முத்துலட்சுமி என்று ஒரு பூச்சிமருந்து ஆய்வாளர் வந்தார். உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவர் இருப்பார். அலமாரிக்குப் பின்னால் நான் வைத்திருந்த காலி பாட்டில்களை எல்லாம் வெளியே எடுத்து வரிசையாக வைத்தார். காய்கறிக்கு அடிக்கவே கூடாது என்று அரசாங்கம் தடுத்திருந்த ஒரு மருந்தைக் கத்தரித் தோட்டக்காரர்களுக்கு நான் கொடுத்துக்கொண்டிருந்ததையும் பில் புத்தகத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படவில்லை. “அண்ணாச்சி, லேபிள் வெவசாயிக்கு மட்டும்னு நெனைக்காதீக. நாளைக்கு ஒருத்தர் மயங்கி விழுந்தா டாக்டரு வாசிக்கிறதும் அதத்தான்” என்று சொல்லி, எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே நாங்கள் கடைக்காரர்கள் சங்கத்தில் கூடி, அந்த அம்மா வியாபாரிகளைத் தொந்தரவு செய்கிறார் என்று மேலே மனுக் கொடுத்தோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. இரண்டு மாதத்தில் அவரைப் பெரியகுளத்துக்கு மாற்றிவிட்டார்கள். அன்றைக்குச் சங்கத்தில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சிலமலைப் பக்கத்திலிருந்து பொன்னுராஜ் வந்தான். உனக்கு அவனைத் தெரியாது, ஒரு ஏக்கர் தோட்டம், பெண்டாட்டி மூக்கம்மாளும் அவனுமாகப் பாடுபடுகிறவர்கள். கத்தரியில் காய்ப்புழு அடங்கவே மாட்டேன் என்கிறது என்றான். நானே பெரிய டாக்டர் மாதிரி, அந்தத் தடுத்த மருந்தோடு பருத்திக்கு அடிக்கிற இன்னொன்றையும் சேர்த்து, அவன் கொண்டுவந்த இருமல் டானிக் பாட்டிலில் கலந்து ஊற்றி, நன்றாகக் குலுக்கி அடி என்று கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலையில் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் காற்றுக்கு எதிரே நின்று அடித்திருக்கிறான். முதுகில் மாட்டியிருந்த டேங்க் வேறு ஒழுகியிருக்கிறது. பத்து மணிக்கு வரப்பிலேயே விழுந்துவிட்டான், வாயில் நுரை, கூடவே வலிப்பு. மூக்கம்மாள் ஆட்டோவில் போட்டுத் தேனிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அந்த பாட்டிலை மறக்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கிறாள்.

பதினொன்றரைக்குக் கடைக்குப் போன் வந்தது. பேசியது டாக்டர். “போடியில உங்க கடையில வாங்கினதுன்னு இந்தம்மா சொல்றாங்க. பாட்டில்ல இருமல் மருந்து லேபிள் இருக்கு. உள்ள என்ன இருந்தது? ஒரே மருந்துக்கு உண்டான அடையாளமாத் தெரியல, சீக்கிரம் சொல்லுங்க” என்றார். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது முத்துலட்சுமி எழுதிக் கொடுத்த எச்சரிக்கைத் தாள்தான் ஷீலா. பொன்னுராஜ் முகம் ஞாபகம் வரவில்லை. “எங்க கடையில சில்லறைக்கு விக்கிறதே இல்ல சார், வேற எங்கயாச்சும் வாங்கியிருப்பாக” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்துவிட்டு ஒரு ஆளுக்குத் தட்டைப்பயறு விதை நிறுத்துக் கொடுத்தேன். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அம்மா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்றாள். சொன்னேன். தூக்கைக் கீழே வைக்கக்கூட இல்லை. “கலந்து குடுத்தது நீங்கதானே. அங்கன ஒரு மனுசன் கெடக்கான், இங்கன நின்னுக்கிட்டு என்ன செய்றீக? போனைப் போடுங்க” என்றாள். எந்த நம்பருக்குப் போடுவது? கேட்டு வாங்கிக்கொள்ளாமல்தானே வைத்தேன். ஆஸ்பத்திரி நம்பரை விசாரித்துப் போட்டால் லைன் கிடைக்கவில்லை. இரண்டு மருந்தின் அசல் டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டு, ஒரு டாக்சி பிடித்துப் போனேன். போய்ச் சேரும்போது மணி ஒன்றேகால் ஆகிவிட்டது.

வார்டுக்கு வெளியே மூக்கம்மாளை ஒரு போலீஸ்காரர் நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார், புருசன் பெண்டாட்டிக்குள் சண்டையா, நீ என்னத்தைக் கொடுத்தாய் என்று. கடைக்காரர் இல்லை என்று சொல்லிவிட்டார், பாட்டிலில் இருமல் மருந்து என்று போட்டிருக்கிறது, பிறகு அவர்களும் என்னதான் நினைப்பார்கள்? அவள் என்னைப் பார்த்தாள். நான் டப்பாக்களை டாக்டரிடம் நீட்டி, இரண்டும் சேர்ந்தது சார், நான்தான் கொடுத்தேன், போனில் சொன்னது பொய் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை, லேபிளைப் படித்துக்கொண்டே உள்ளே ஓடினார். போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன்.

பொன்னுராஜ் பிழைத்துக்கொண்டான். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆனால் கடைசி வாரத்தில் இரண்டு காலும் மரத்துப்போய் விட்டது, இப்போது கம்பை ஊன்றி வாசல் வரைக்கும் வருகிறான், தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். நான் முன்னாலேயே சொல்லியிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று டாக்டரைக் கேட்டேன். “அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது” என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு பக்கமாக அழுது தீர்த்திருப்பேன்.

பிறகு பெரியகுளம் போய் முத்துலட்சுமியைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லி, உங்களுக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டதும் நான்தான் அம்மா என்றேன். “எனக்குத் தெரியும் அண்ணாச்சி, மனுவோட நகல் எனக்கும் வந்துச்சு” என்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, “எங்கிட்டச் சொன்னா அது பேச்சு. போடி ஆபீசுக்கு எழுதிக் குடுங்க, அப்பத்தான் மத்த கடையையும் போய்ப் பாப்பாக” என்றார். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். கடைக்குச் சீல் வைத்தார்கள், லைசென்ஸ் ரத்தாகிவிட்டது, கோர்ட்டில் கேஸ் நடக்கிறது, குற்றத்தை ஒப்புக்கொள்வதாக வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். நாலைந்து கடைகளில் சோதனை நடந்தது. சங்கத்துக்காரர்கள் பஜாரில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், சர்ச்சில் காணிக்கைப் பை பிடிப்பதை நானே விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் நீ வருத்தப்படாதே.

போன மாதம் சிலமலைக்குப் போனேன். பொன்னுராஜ் என்னை உட்காரச் சொன்னான், அவனுக்குக் கோபம்கூட இல்லை, நானும்தான் முகத்தில் துணி கட்டவில்லை அண்ணாச்சி என்கிறான். என்னால் முடிந்த உதவியைச் செய்கிறேன் என்று சொன்னேன். மூக்கம்மாள் அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வெளியே வந்தாள். “செய்யிறதச் செய்யுங்க, வேணாங்கல. ஆனா அண்ணாச்சி, டாக்டரு போனை வச்சிட்டு என்னைத் திரும்பிப் பாத்தாரு பாருங்க ஒரு பார்வை. எம் புருசன் உசுருக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கையில, நான் அவருக்கு வெசம் வச்சவளா நின்னேன். நீங்க ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா நான் அவரு பக்கத்துல இருந்திருப்பேன்” என்றாள். அவன் காலைப் பற்றியே நான் யோசித்துக்கொண்டிருந்தேன், இதை நான் யோசித்தே பார்த்ததில்லை. அவள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். இனி மாதத்துக்கு ஒரு தடவை போவேன், அவள் பேசினாலும் பேசாவிட்டாலும்.

அப்பா உனக்குப் புத்தி சொல்கிற நிலைமையில் இல்லை, இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அங்கேயும் தோட்ட வேலைக்கு வந்த நம் ஆட்கள் இப்படி மயங்கி உன் வார்டுக்கு வருவார்கள். கூட வந்தவர்கள் சொல்வதை உடனே பொய் என்று நினைத்துவிடாதே, அவர்களை நோயாளி பக்கத்திலேயே இருக்கவிடு. கடைக்காரனோ முதலாளியோ போனில் இல்லை என்றால், கொஞ்சம் பொறுத்து இரண்டாம் தடவை கூப்பிடு. என்னை அந்த டாக்டர் மறுபடி கூப்பிட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று பல நாள் யோசித்துவிட்டேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன், சத்தியம் பண்ண முடியவில்லை. ஆனாலும் நீ கூப்பிடு.

மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு, மறைக்க வேண்டாம். குழந்தைக்கு ஈறு அரிக்கும், கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைக்கும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள். கர்த்தர் உங்கள் வீட்டைக் காத்து, நீ தொட்டுப் பார்க்கிற ஒவ்வொரு நோயாளியையும் எழுப்பி நடக்கவைப்பாராக. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது முதலில் அம்மாவிடம் பேசு. உனக்கு மனது வந்தால் என்னையும் கூப்பிடச் சொல், நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஜெ. ஜெபமணி