நாலு சக்கரமும் நாற்பது நாள் விடுப்பும்

மார்ச் 2

பதினொன்றாம் பக்கத்தை முடித்தேன். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே உள்ள கேம்பர் வேனுக்கு ஆல் வீல் டிரைவா, ஃபோர் வீல் டிரைவா என்ற ஒப்பீடு. ஆல் வீல் என்றால் எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு விசை என்பதை வண்டியே பார்த்துக்கொள்ளும். ஃபோர் வீல் என்றால் தேவைப்படும்போது நாம் லீவரை இழுத்து நாலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். இருபத்தேழு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இதை முடிவு செய்ய மூன்று வருடமா என்கிறாள் மனைவி. மூன்று இல்லை. இரண்டு வருடம் ஏழு மாதம்.

அவளுக்கு ஏப்ரல் ஒன்றிலிருந்து நாற்பது நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. எனக்குச் சேர்த்து வைத்த விடுப்பு நிறைய இருக்கிறது. வார்டு நர்சுக்கு இது கிரகணம் மாதிரி, எப்போதாவது வருவது. காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “இருபதாம் தேதிக்குள்ள வேன் வரலைன்னா நான் அக்காவோட பஸ்லயே ஊர் சுத்தக் கிளம்பிடுவேன். நீங்க உக்காந்து எழுதிட்டே இருங்க.”

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

மார்ச் 5

ஆசிரியர் அறையில் ஜால்ரா. முதல்வர் தும்மும் முன்பே கைக்குட்டை நீட்டி, எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலியைப் பிடித்தவன். புதிதாக ஆல் வீல் கார் வாங்கியிருக்கிறானாம். “நாம ஒண்ணுமே யோசிக்க வேண்டாம் சார். ரோடு எப்படியோ அப்படி, அதுவே வளைஞ்சு குடுத்துப் போயிடும்.”

வளைந்து கொடுப்பதைப் பற்றி இவன் எனக்குப் பாடம் எடுக்கிறான்!

முடிவு செய்துவிட்டேன். ஃபோர் வீல்.

மார்ச் 6

‘ஆல் வீலின் குறைகள்’ மட்டுமே நாலு பக்கம் வரும்போலிருக்கிறது. கை வலிக்கிறது. மனசு லேசாக இருக்கிறது.

மார்ச் 11

மூன்றாம் பக்கத்தைக் காணோம். தேடினால் சமையலறையில் கிடக்கிறது. பின்பக்கத்தில் அவள் கையெழுத்து: கரண்டி இரண்டு, சின்ன குக்கர், தைலம், கொசுவலை.

“இது டார்க், அதாவது சக்கரத்தோட முறுக்கு விசை பத்தின பக்கம்” என்றேன்.

“இது சாப்பாடு பத்தின பக்கம்” என்றாள்.

ஆற்றைக் கடக்க நேர்ந்தால் ஃபோர் வீல்தான் கைகொடுக்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நாம எந்த ஆத்துல இறங்கப் போறோம்? உங்களுக்கு நீச்சல்கூடத் தெரியாது.” பிறகு, பட்டியலிலிருந்து தலை நிமிராமல்: “ஏங்க, வர இஷ்டம் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. பாவம், சக்கரத்து மேல ஏன் பழி போடறீங்க?”

மார்ச் 12

இஷ்டம் இல்லையா? இருக்கு. பயமாவும் இருக்கு. நாற்பது நாள், ஒரு பெட்டிக்குள்ள, ரெண்டே பேர். சாயங்காலம் வந்தா நான் ஜால்ராவைத் திட்டுவேன், அவ வெங்காயம் நறுக்கிட்டே ‘ம்’ கொட்டுவா — மூணு வருஷமா எங்க பேச்சே அவ்வளவுதான். அங்க போயி நான் என்னத்தைப் பேசறது? நாலாம் நாளே ‘பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்டுடுங்க’ன்னு சொல்லிட்டா?

இதற்கு ஒப்பீட்டில் எந்தப் பக்கத்தில் இடம்?

மார்ச் 15, ஞாயிறு

எழுதக் கூடாது என்றிருந்தேன். எழுதித் தொலைக்கிறேன்.

வேனுக்குள் படுக்கை, அடுப்பு எல்லாம் பொருத்தி விற்கும் பட்டறைக்கு இருவரும் போனோம். இரண்டு வகையும் தயாராக நின்றன. நேராக ஃபோர் வீலில் ஏறினேன். மனைவி பின்னால் படுக்கையில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். “எனக்குத் தெரியும்” என்றேன்.

லீவரை இழுத்து நாலையும் பூட்டினேன். காய்ந்த சிமெண்டு முற்றத்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தேன். வண்டி திரும்பமாட்டேன் என்றது. முனகியது. விக்கல் பிடித்தவன் மாதிரி குதித்துக் குதித்து நகர்ந்தது. பிரேக்தான் பிடிக்கிறதோ என்று ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினேன். அடியில் ‘டங்’ என்றது. அலமாரிக் கதவு திறந்து, மனைவி மடியில் ஒரு வாணலி வந்து உட்கார்ந்தது.

பட்டறைக்காரர் ஓடிவந்தார். “சார், சார்! வளைவுல முன் சக்கரம் ஒரு தூரம் ஓடணும், பின் சக்கரம் வேற தூரம் ஓடணும். காஞ்ச தரையில ரெண்டையும் பூட்டினா ஒண்ணை ஒண்ணு விடாது. அதெல்லாம் சேத்துக்கும் மணலுக்கும்தான். ஆமா, சார் என்ன வேலை பாக்குறீங்க?”

“ஃபிசிக்ஸ் வாத்தியார்ண்ணே” என்றாள் பின்னாலிருந்து.

இந்த விஷயம் ஒப்பீட்டின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. நான் எழுதியதுதான். அடிக்கோடு வேறு.

அவள் வாணலியோடு இறங்கி வந்தாள். “அண்ணே, வண்டி மேல தப்பில்லை. தேவையே இல்லாத இடத்துல பூட்டிக்கிட்டுக் குதிக்கிறது இவருக்குப் பழக்கம்.” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர். பட்டறைக்காரர் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

“தார் ரோடு, சரளை, மழைன்னா ஆல் வீல் தாராளம் சார்.”

“அப்போ சேறு?”

“சேத்தைப் பாத்தா திரும்பி வந்துடுங்க.”

பதினாறு பக்கத்தில் எனக்கு இது தோன்றவில்லை.

மார்ச் 18

ஆல் வீல் வந்து வாசலில் நிற்கிறது. ஜால்ராவுடையது வெள்ளை. இது பச்சை. பதிவு செய்து வைக்கிறேன்.

ஏப்ரல் 1

கிளம்பினோம். மூன்று மணி நேரம் ஒரு பேச்சு இல்லை. வைப்பர் மட்டும் பேசியது.

ஏப்ரல் 4

நாலாம் நாள். ஏரிக்கரை. வேறு எதுவும் தோன்றாமல் ஜால்ராவை எடுத்தேன். பாதியில் அவள் சொன்னாள்: “எனக்கும் ரெண்டு தடவை ஹெட் நர்ஸ் போஸ்ட் போச்சு.”

“எப்போ?”

“நீங்க அவரைத் திட்டிட்டிருந்தப்போ.”

யாருக்குக் கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். வார்டு முழுக்க அந்த அம்மாளுக்கு ‘ஊசி’ என்று பேராம். நடந்து காட்டினாள், பேசிக் காட்டினாள், டாக்டர் வந்தால் முகம் மாறுவதைக்கூடக் காட்டினாள். வெங்காயம் நறுக்குவது இப்போதெல்லாம் நான். ‘ம்’ கொட்டிக்கொண்டே கேட்டேன். இருட்டிய பிறகும் முடியவில்லை.

ஏப்ரல் 19

சேற்றைப் பார்த்தோம். திரும்பி வந்துவிட்டோம்.

மே 8

நாளை மறுநாள் விடுப்பு முடிகிறது. இன்றைக்கே வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினால்தான் சரியாக இருக்கும் என்று வரைபடத்தைப் பிரித்து வைத்திருந்தேன். வெளியே மரத்தடியில் அவள் மருத்துவமனைக்குப் போன் பேசிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நாள் வேண்டுமாம்; வண்டியில் பெரிய கோளாறாம், நடுவழியில் நிற்கிறோமாம்.

வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. காலையில்தான் பார்த்தேன்.