நான் எழுந்தால் ஒழுங்காகும் ஃபில்டர்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். புது அறையில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? போனில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இங்கே இன்னும் ஒரு வருஷம் வேலையைத் தொடர்வதா, விட்டுவிட்டு உங்களிடம் வந்துவிடுவதா என்று இந்த மாத முடிவுக்குள் மேலாளரிடம் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்றுமே ஓடவில்லை.

என் ஃபில்டரைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. ரேடியோ சிக்னலை ஒளியில் ஏற்றி, நகத்தளவு சிப்பில் இருக்கும் குட்டி வளையத்துக்குள் விட்டு, வேண்டிய அலைவரிசையை மட்டும் பிரித்தெடுக்கிறோம். வளையத்தை லேசாகச் சூடாக்கினால் வேறு அலைவரிசைக்கு மாறும். அதுதான் அதன் பெருமையே. ஆனால் அது சொன்ன அலைவரிசையில் நிற்காமல் தானாக நகர்ந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. அது ஒழுங்காகும்வரை வர முடியாது என்றுதானே உங்களிடமும் சொல்லிவந்தேன்.

போன வாரம் காரணம் தெரிந்துவிட்டது. லேசரைப் பார்த்துக்கொள்ளும் என் தோழி, அளவுக்கருவியின் திரையைக் கவனித்துவிட்டு, "அம்மா தாயே, நீ டீ குடிக்கப் போனா நல்லா நிக்குது. வந்து உக்காந்தாத்தான் அதுக்குப் பேய் பிடிக்குது" என்றாள். பார்த்தால், ஒவ்வொரு நகர்வையும் பதிவு செய்ய நான் பக்கத்தில் திறந்து வைக்கும் லேப்டாப்பின் சூட்டுக்காற்று நேராகச் சிப்பின் மேல் அடித்திருக்கிறது! எழுந்து போகும்போது அதை மூடிவிட்டுப் போவேன்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கழிப்பறைக்குள் போய் அழுதேன், ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. மேலாளர், "உங்க வேலை முடிஞ்சுது, தாராளமாப் போங்க. இருந்தீங்கன்னா அடுத்த ஃபில்டரையும் உங்ககிட்டயே தர்றேன்" என்றார். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா?

அன்றே போனில் உங்களிடம் வேலை முடிந்தது என்றேன். அங்கே வெயில் அதிகம் என்றீர்கள். பிறகு, "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றீர்கள். அது பெருந்தன்மையா, தயக்கமா? பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். திரும்ப ஏற்றினேன். இப்போது அது கட்டிலில் கிடக்கிறது, நான் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நான் இல்லாமல் இருப்பதே உங்களுக்கு வசதியாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அப்படியென்றால் அதையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள், தாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் ஒரே ஒரு தடவை உங்கள் வாயால், கிளம்பி வா என்று சொல்லுங்கள்.

குழம்பிப்போய் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் மனைவி