இன்சீன் சைடிங்கில் குளிர்காலம்

1926 டிசம்பர் 20, திங்கள்

பனி. பத்து மணிக்கு மேல்தான் வெயில். பசுந்தாங்கிலிருந்து இன்சீன் வந்து சேர்ந்தோம். ரயில் பட்டறைக்கு வடக்கே சைடிங் என்னும் ஒதுக்குத் தண்டவாளத்தில் பழைய ரயில் பெட்டிகள் ஒன்பது வரிசையாக நிற்கின்றன. குளிர் மாதங்களில் லீவில் வரும் ரயில்வே குடும்பங்கள் தங்குவதற்கு. எங்களுக்கு நாலாம் பெட்டி. பத்து நாள்.

டாக்டர் உத்தரவு. என் மனைவி செல்லம்மாளுக்கு (எழுதச் சோம்பல், இனி செ.) இழுப்பு. வீட்டுக்குப் பின்னால் நெல் ஆலை. உமித்தூசு சோற்றில், பாயில், அவள் நெஞ்சில். காய்ந்த காற்று வேண்டுமாம்.

கொண்டுவந்தவை: டிரங்குப் பெட்டி, பாய் 2, அடுப்பு, அரிசி, புளி, மருந்துப் புட்டி, தலையணை 5. அதில் நாலு செ.வுக்கு. படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் பாதி இப்படியே போயிற்று.

மறந்தது: உப்பு. அதற்கு ஒரு சண்டை.

டிசம்பர் 21, செவ்வாய்

காலையில் உப்பு வந்துவிட்டது, கேட்காமலே. ஐந்தாம் பெட்டி டோ மியா கொண்டுவந்தார். ரிட்டயரான ரயில் கார்டு ஊ பா தினின் மனைவி; பர்மாக்காரர்கள். நல்ல கனத்த உடம்பு, வாயில் சுருட்டு. வருஷா வருஷம் குளிருக்கு இங்கே வந்துவிடுவார்களாம். பேசும் தமிழ் இன்சீன் பஜாரில் கற்றது.

"உப்பு இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"சயா போட்ட சத்தம் ஒன்பதாம் பெட்டி வரைக்கும் கேட்டுச்சே!"

எழுத்து வேலைக்காரனை இங்கே சயா என்பார்கள். கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவுக்கு அது பெரிய மரியாதை. அதனால் உப்பை வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 23, வியாழன்

இங்கே யாரும் கதவு தட்டுவதில்லை. நேரே வந்து படியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். முகம் கழுவக்கூட விடுவதில்லை.

சாயங்காலம் மாமரத்தடியில் பாய் விரித்து, பெட்டிக்கு ஒரு பண்டமாக எல்லோரும் கூடிச் சாப்பிடுகிறார்கள். டோ மியாவின் மீன்குழம்புச் சேவை மோஹிங்கா, ஆறாம் பெட்டி காதர் பாய் வீட்டு இடியாப்பம், எங்கள் ரசம். எனக்கு ஊரார் முன்னால் சாப்பிடக் கூச்சம். செ.வுக்கு இல்லை. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். இருமல் ஒரே தடவை.

டோ மியா அவள் கன்னத்தில் தனக்கா மரப்பட்டையை அரைத்துப் பூசிவிட்டார்.

"எப்படிங்க இருக்கு?"

"சுண்ணாம்படிச்ச சுவர்."

கோபித்துக்கொண்டாள். உண்மையில் அழகாக இருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம்.

டிசம்பர் 27, திங்கள்

மூன்று தலையணை போதும் என்றாள். நாலாவதை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வெளியே சொன்னால் கண் பட்டுவிடும்.

டிசம்பர் 29, புதன்

இரண்டு! லீவு நாளையோடு சரி. நீட்டிக்கச் சொல்லி மனு. "மனைவியின் தேக அசௌக்கியம் காரணமாக" என்று ஆரம்பித்தேன். அவள் தேறி வருவதால் அல்லவா கேட்கிறேன்? கிழித்த தாள் மூன்று. கடைசியில் அசௌக்கியம் என்றே எழுதினேன். மேலே இருப்பவர்களுக்கு அதுதான் புரியும்.

1927 ஜனவரி 2, ஞாயிறு

லீவு 11 வரை. காதர் பாய்க்குத்தான் என்னைவிட சந்தோஷம். சவரம், துணி துவைத்தல். ஊ பா தினிடம் தாயத்தில் தோல்வி.

ஜனவரி 7, வெள்ளி

ஒரே தலையணை. காலை ஏழு வரை படுத்துத் தூங்கினாள், வாயைத் திறந்துகொண்டு, குழந்தை மாதிரி. எழுப்ப மனம் வரவில்லை. அடுப்பை நானே பற்றவைத்தேன். கஞ்சி அடிப்பிடித்தது.

"என்ன சயா, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?" என்றார் ஊ பா தின்.

புகை என்றேன். பாதி புகைதான்.

ஜனவரி 11, செவ்வாய்

புறப்படும் நாள். தள்ளுவண்டி வந்து நிற்கிறது. டிரங்குப் பெட்டியைத் தூக்கப் போனால் அதன்மேல் டோ மியா, சுருட்டும் கையுமாக.

"எழுந்திருங்கம்மா, ரயிலுக்கு நேரமாச்சு."

"சயா போகலாம். பாய் ரெண்டும் போகலாம். இந்தப் பொட்டி போகாது, செல்லம்மாவும் போக மாட்டா."

"இது எங்க குடும்ப விஷயம்."

"அதான் சத்தமா சொல்றேன். குடும்பத்துக்குக் கேக்கணும்ல."

ஊ பா தின் ஆகாயத்தைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம். செ.விடம் திரும்பிக் கத்தினேன், "நீயாவது வாயைத் திறந்து சொல்லேன்!"

"எனக்கு மூச்சும் வேணும், நீங்களும் வேணும். ரெண்டும் ஒரே இடத்துல கிடைக்கல. நான் என்னன்னுங்க சொல்றது?"

நான் இல்லாமலும் இவள் நன்றாக இருந்துவிடுவாளோ என்று பயம். வெட்கக்கேடுதான், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

"மாசி முடியிற வரைக்கும் இரு. சனிக்கிழமை சனிக்கிழமை வரேன்."

டோ மியா எழுந்தார். மூடி நசுங்கித் திறக்க வரவில்லை. என் வேட்டிகள் உள்ளே. கட்டியிருந்ததோடு ரயிலேறினேன்.

ஜனவரி 12, புதன்

பசுந்தாங். ஆபீஸ். சோறு வேகவில்லை, தின்றேன். ஜன்னல் கட்டையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு உமித்தூசு. இதிலேயா இத்தனை வருஷம் அவளை மூச்சு விடச் சொன்னேன்? மூன்று தரம் துடைத்தேன். மறுபடி படிகிறது.

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். எதிர்வீட்டார் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். இன்சீனுக்கு மாற்றல் கேட்டு மனு எழுதினேன். உத்தியோகம் ஒரு படி இறங்கும். இறங்கட்டும். கிடைக்குமோ என்னவோ. இந்தத் தடவை தாள் எதுவும் கிழிபடவில்லை.

ஜனவரி 15, சனி

அரை நாள் ஆபீஸ். இன்சீனில் இறங்கித் தண்டவாளத்தை ஒட்டி நடந்தேன். தூரத்தில் டோ மியாவின் குரல்: "செல்லம்மா! சயா வராரு!" நாலாம் பெட்டிப் படியிலிருந்து செ. எட்டிப் பார்த்தாள்.

ஓடி வந்தாள். புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் பெட்டி, இரண்டாம் பெட்டி தாண்டி, சிரித்துக்கொண்டே. எங்கள் வீட்டு மாடிப்படி பதினாலையும் ஏற நடுவில் இரண்டு தரம் உட்காருகிறவள். இவள் ஓடி நான் பார்த்ததே கிடையாது.

எதிரே போகவில்லை. அங்கேயே நின்றுவிட்டேன். இன்னும் கொஞ்ச தூரம் ஓடட்டும்.