என் கண்ணைப் பார்த்தவர்கள்

மார்ச் 3

சின்னவனுக்கு,

என் கண் படத்தைப் பார்த்தபோது அறையில் இருந்தவர்கள்: நீ, உன் மனைவி, உன் அக்கா, மாப்பிள்ளை. கண்ணுக்குச் சொந்தக்காரி நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், மருந்து விட்ட கண்ணை மூடிக்கொண்டு, உன் ஆராய்ச்சி நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"மறதி நோய் இருக்கறவங்க கண்ணோட ஒப்பிட, நல்ல ஞாபகம் இருக்கறவங்க கண்ணும் வேணும்மா" என்று நீதான் கூப்பிட்டாய். படம் எடுத்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு" என்று வண்டி ஏற்றிவிட்டாய்.

அன்றிலிருந்து நான் அடுப்பை அணைத்தால், உன் அக்கா பின்னாலேயே வந்து திருகிப் பார்க்கிறாள். நான் கூட்டிய வீட்டுக் கணக்கை மாப்பிள்ளை இன்னொரு தரம் கூட்டுகிறார். யாரும் சொல்லித்தராமல் நானே கற்ற கணக்கு அது. நீயோ போனில் மூன்று சொல்லைச் சொல்லி, நாலு பேச்சுப் பேசிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொன்னாய். நான் என்ன ஒன்றாம் வகுப்பா? அதனால்தான் போனை வைத்தேன்.

நேற்று உன் மனைவி உளறிவிட்டாள்: "பயப்படாதீங்க அத்தை, இது ஆரம்பந்தானாம்."

எதன் ஆரம்பம்?

மேலே 'அன்புள்ள' போடவில்லை. மறதி என்று எழுதி வைத்துக்கொள்ளாதே.

அம்மா

மார்ச் 9

அன்புள்ள அம்மா,

நன்றாகத் திட்டு. கண்ணின் பின்புறம் ஒரு நரம்புப் படலம் இருக்கிறது, மூளையோடு சேர்ந்தது. மறதி நோய் வருகிறவர்களில் சிலருக்கு அது முன்னாடியே மெலிகிறது. உனக்கு வயதை மீறி மெலிந்திருக்கிறது. அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது. சில மாதம் விட்டு மறுபடி படம் எடுத்து, ஞாபகத்தையும் சோதித்தால்தான் தெரியும்.

சொல்ல வாய் வரவில்லை. உன் படம் இன்னும் நல்ல ஞாபகம் உள்ளவர்கள் வரிசையில்தான் இருக்கிறது. அதை எடுக்கவும் கை வரவில்லை.

சின்னவன்

மார்ச் 14

சின்னவனுக்கு,

கை வரவில்லையாம். அந்த வரிசையை வைத்துத்தானே மற்றவர்களுடைய அம்மாக்களுக்கும் நாளைக்குச் சொல்லப்போகிறாய்? பாசத்துக்காகப் பொய்க்கணக்கு எழுதவா உன்னை வளர்த்தேன்? உன் பெரிய டாக்டரிடம் உள்ளதைச் சொல்லி, என் படத்தை அங்கிருந்து எடு. கடவுளிடம் கேட்பது என் பாடு. என்னிடம் மறைக்காமல் சொல்வது உன் பாடு.

அடுத்த படத்தை முதலில் நான்தான் பார்ப்பேன். மற்ற மூன்று பேரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரட்டும்.

இன்னொன்று. அன்றைக்குப் போனை வைத்தது கோபத்தால் மட்டும் அல்ல. குடை, சாவி இரண்டும் வந்தன. மூன்றாவது வரவில்லை. சாமி முன்னால் நின்றாலும் அதைத்தான் தேடுகிறேன்.

அது என்ன சொல்? சீக்கிரம் பதில் போடு.

அம்மா